எக்ஸிட் தேர்வில் 829: உரிமத் தேர்வின் முடிவு இப்போதே தெரிந்துவிட்டதா?

அமெரிக்காவில் நர்ஸிங் இளங்கலைப் படிப்பின் கடைசி செமஸ்டரில் இருக்கும் 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். திருமணத்துக்குப் பின் அங்கு குடியேறியவர், இரண்டு குழந்தைகளின் தாய். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வாரத்துக்கு மூன்று இரவுகள், இரவுக்கு 12 மணி நேரம், நர்ஸிங் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே படித்து வந்திருக்கிறார். நோய் உடலியக்கத்தை எப்படி மாற்றுகிறது என்று விளக்கும் பேத்தோஃபிசியாலஜி பாடத்தை மட்டும் ஒருமுறை திரும்பப் படிக்க நேர்ந்தது. மற்ற பாடங்களில் பெரும்பாலும் பி கிரேடு. மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு முறைகூடக் குறை சொல்லப்பட்டதில்லை.

படிப்பை முடிக்க, உரிமத் தேர்வில் மாணவர் தேறுவாரா என்று முன்கூட்டிக் கணிக்கும் ஹெசி எக்ஸிட் தேர்வில் 850 எடுக்க வேண்டும் என்பது அவருடைய கல்லூரியின் விதி. முதல் முறை 806, இரண்டாம் முறை 829 எடுத்திருக்கிறார். ஆறு வாரங்களில் மூன்றாவது வாய்ப்பு வருகிறது. அதிலும் குறைந்தால் கேப்ஸ்டோன் என்ற நிறைவுப் பாடத்தை அடுத்த செமஸ்டரில் மீண்டும் படிக்க வேண்டும். அதுவரை பட்டம் கிடையாது, பட்டம் இல்லாமல், நர்ஸாகப் பணிபுரிய எழுத வேண்டிய என்கிளெக்ஸ் உரிமத் தேர்வுக்கும் போக முடியாது. "ஹெசி 98 சதவீதம் சரியாகக் கணிக்கும், 850-க்குக் கீழே எடுத்தவர்கள் என்கிளெக்ஸில் தேறமாட்டார்கள்" என்று சீனியர் ஒருவர் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. தனக்குத் தேறும் வாய்ப்பு உண்டா, கல்லூரி இப்படி நிறுத்திவைக்கலாமா, ஓராண்டு ஒதுங்கி நன்றாகப் படித்துவிட்டு எழுதுவது மேலா, "உண்மையான கேள்விகள்" என்று ஒருவர் விற்கும் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

"நான் நர்ஸ் ஆக மாட்டேன் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பல ஆண்டுகள் நர்ஸிங் ஆசிரியையாக இருந்துவிட்டு, இப்போது உரிமத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். இதே வரியை வெவ்வேறு வார்த்தைகளில் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களில் பலர் இன்று வார்டுகளில் பணியில் இருக்கிறார்கள். ஆனாலும் அதை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. உங்கள் மதிப்பெண்ணில் நீங்கள் பொருட்படுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சீனியர் சொன்ன செய்தி அதில் கிடையாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

829 என்ற எண் எதைச் சொல்கிறது?

சீனியர் சொன்ன 98 சதவீதம் கட்டுக்கதையல்ல. அது பாதிச் செய்தி. ஹெசியில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர்கள் என்கிளெக்ஸில் தேறுவார்கள் என்ற கணிப்பு 96 முதல் 99 சதவீதம் வரை சரியாக இருந்ததாகப் பல ஆண்டு ஆய்வுகள் சொல்கின்றன. அது நன்றாக எழுதியவர்களைப் பற்றிய செய்தி. குறைவாக எழுதியவர்களில் 98 சதவீதத்தினர் தோற்பார்கள் என்று அதைத் திருப்பிப் போட முடியாது. இதுபோன்ற எல்லா முன்கணிப்புத் தேர்வுகளிலும் காணப்படும் பொதுக் குணம் இது: தேறப்போகிறவர்களை அடையாளம் காண்பதில் அவை கெட்டி, தோற்கப்போகிறவர்களை அடையாளம் காண்பதில் மிகவும் தடுமாறுகின்றன.

ஏன் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்டவை. 100 மாணவர்கள் உரிமத் தேர்வு எழுதுகிறார்கள், 88 பேர் தேறுகிறார்கள், 12 பேர் தவறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி நடந்த எக்ஸிட் தேர்வு அந்த 100 பேரில் 30 பேரைக் கோட்டுக்குக் கீழே நிறுத்தியிருந்தது. தவறிய 12 பேரில் 9 பேர் அந்த 30-க்குள் இருக்கிறார்கள் என்றால், நான்கில் மூன்று பங்கு ஆபத்தை முன்பே கண்டுபிடித்த நல்ல தேர்வு அது என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்த 70 பேரில் 67 பேர் தேறினார்கள், அதாவது ஏறத்தாழ 96 சதவீதம். சீனியர் கேள்விப்பட்ட பெருமையெல்லாம் இந்த எண்ணைப் பற்றியதுதான். கீழே நின்ற 30 பேரின் நிலை என்ன? அவர்களில் 21 பேரும் தேறிவிட்டார்கள். "இவர்கள் தோற்பார்கள்" என்று அந்த 30 பேரின் முதுகிலும் சீட்டு ஒட்டியிருந்தால் 21 சீட்டுகள் பொய்யாகியிருக்கும். பெரும்பாலானவர்கள் தேறும் ஒரு தேர்வில் தோல்வி என்பது அரிதான நிகழ்வு. அரிதான நிகழ்வை ஒற்றை எண்ணைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முயலும் எந்தக் கருவிக்கும் இந்தச் சங்கடம் உண்டு. நோய் அரிதாக இருக்கும் இடத்தில் ஸ்கிரீனிங் பரிசோதனை காட்டும் பாசிட்டிவ் முடிவுகளில் பல ஏன் பொய்யாகின்றன என்று உங்கள் சமூகநலச் செவிலியம் பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே நடப்பதும் அதுவே.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்தவர்களில் 100-க்குச் சுமார் 4 பேர் தவறினார்கள். கீழே இருந்தவர்களில் 100-க்கு 30 பேர். ஆபத்து ஏழு மடங்கு. ஆகவே 829-ஐத் தூக்கி எறிந்துவிட்டு "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று இருப்பதும் தவறு. ஒரு நோயாளியின் ரத்த அழுத்தம் கூடியிருந்தால் நாம் அவருக்கு இறப்புச் சான்றிதழ் எழுதுவதில்லை, வீட்டுக்கும் அனுப்பிவிடுவதில்லை. காரணம் தேடுகிறோம், கண்காணிக்கிறோம், சிகிச்சை தருகிறோம். உங்கள் மதிப்பெண்ணையும் அப்படித்தான் நடத்த வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். எந்தத் தேர்வு மதிப்பெண்ணிலும் அளவீட்டுப் பிழை உண்டு. இன்று 829 எடுத்த நீங்கள், புதிதாக எதையும் படிக்காமல் அடுத்த வாரம் அதே தரமுள்ள வேறொரு வினாத்தாளை எழுதினால் சற்று மேலேயோ கீழேயோ வருவீர்கள். 829-க்கும் 850-க்கும் உள்ள 21 புள்ளி இடைவெளியைப் பார்த்து "இங்கே இருப்பவர் பாதுகாப்பான நர்ஸ், அங்கே இருப்பவர் ஆபத்தானவர்" என்று பிரித்துவிட முடியாது. அதே காரணத்தால் 806-லிருந்து 829-க்கு வந்ததைப் பெரிய முன்னேற்றம் என்று நானும் கொண்டாடப் போவதில்லை.

மற்றொன்று, கணிப்பு எந்த ஆண்டு மாணவர்களை வைத்து உருவானது என்பது. 2023 ஏப்ரல் 1 முதல் என்கிளெக்ஸ் புதிய வடிவத்துக்கு மாறியது. அமெரிக்காவிலேயே படித்து முதல் முறை எழுதியவர்களின் தேர்ச்சி 2022-இல் சுமார் 80 சதவீதமாக இருந்தது, 2023-இல் 88 சதவீதத்தைத் தாண்டியது. ஓராண்டுக்குள் தேர்ச்சி விகிதமே இவ்வளவு நகரக்கூடிய ஒரு தேர்வுக்கு, பழைய ஆண்டுகளில் போட்ட கோட்டை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும் கல்லூரிகள் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எழுதப்போகும் தேர்வைப் பற்றி

உங்கள் கடிதத்தில் நடுவே ஒரு வரி வருகிறது: 85 கேள்வியில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் தேர்ச்சி, 150 வரை போனால் தோல்வி என்று தோழிகள் சொல்வதாக. அது சரியன்று. 1994 முதல் என்கிளெக்ஸ், எழுதுபவருக்கு ஏற்பக் கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொள்ளும் கணினித் தேர்வாக நடக்கிறது. நீங்கள் சரியாக விடையளித்தால் அடுத்தது கடினமாகும், தவறினால் எளிதாகும். உங்கள் திறன் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்றோ கீழே இருக்கிறது என்றோ 95 சதவீத உறுதி கிடைத்ததும் தேர்வு நிற்கும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். 85-இல் நின்றவர்களில் மிகத் தெளிவாகத் தேறியவர்களும் உண்டு, மிகத் தெளிவாகத் தவறியவர்களும் உண்டு. 150 வரை போவது என்றால் நீங்கள் கோட்டின் அருகிலேயே இருக்கிறீர்கள், முடிவு சொல்ல இன்னும் சான்று தேவை என்று மட்டுமே பொருள். யாருக்குமே பாதிக் கேள்விகள் கடினமாகத் தோன்றும்படி வடிவமைக்கப்பட்ட தேர்வு அது. எழுதிக்கொண்டிருக்கும்போது "தோற்றுக்கொண்டிருக்கிறேன்" என்ற எண்ணம் வந்தால், தேர்வு தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கல்லூரி உங்களை நிறுத்திவைக்கலாமா?

இதில் நான் சொல்வது ஓர் ஆசிரியையின் அனுபவத்திலிருந்து வருவது. நான் வழக்கறிஞர் அல்ல. மாநிலத்துக்கு மாநிலம், கல்லூரிக்குக் கல்லூரி விதிகள் மாறும். வழக்குப் போடும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம், கல்வித் தகுதி பற்றிய முடிவுகளில் அமெரிக்க நீதிமன்றங்கள் ஆசிரியர்களின் தீர்ப்பில் தலையிடப் பெரிதும் தயங்குகின்றன. 1978-இல் மிசூரி மருத்துவ மாணவி ஒருவரின் வழக்கிலும், 1985-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. இரண்டாவது வழக்கு உங்கள் நிலைக்கு மிக அருகில் வருவது: தேசிய அளவிலான தேர்வு ஒன்றில் தவறிய மாணவருக்கு மறுவாய்ப்பு தராமல் வெளியேற்றியதை நீதிமன்றம் தடுக்கவில்லை. கல்வித் துறையில் ஏற்கப்பட்ட நெறிகளிலிருந்து கல்லூரி வெகுதூரம் விலகியிருந்தால்தான் தலையிடுவோம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் நீதிமன்றத்துக்கு முன்பே உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு, பலர் அவற்றைப் பயன்படுத்துவதே இல்லை. நீங்கள் சேர்ந்த ஆண்டின் மாணவர் கையேட்டையும் அந்தப் பாடத்தின் சிலபஸையும் எடுத்துப் பாருங்கள். 850 என்ற விதி அப்போதே எழுத்தில் இருந்ததா, இடையில் புகுத்தப்பட்டதா, புகுத்தப்பட்டிருந்தால் முறையாக அறிவித்தார்களா, எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரி பின்பற்றினார்களா? முதல் முறை 806 வந்த பிறகு உங்களுக்குத் தனிப் பயிற்சி ஏதாவது தருவதாகக் கையேடு சொல்லியிருந்து, அது தரப்படாமல் போயிருந்தால் அது வலுவான வாதம். மாணவர் கல்விப் பதிவுகள் பற்றிய 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உங்கள் பதிவுகளைப் பார்வையிடக் கேட்கலாம். 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். ஹெசி வினாத்தாளே கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் பாடவாரியான உங்கள் அறிக்கையும் உங்களைப் பற்றிய குறிப்புகளும் பார்க்கத் தக்கவை. உங்களுக்குக் கவனக் குறைபாடு, வாசிப்புக் குறைபாடு போன்ற எதையாவது மருத்துவர் உறுதிசெய்திருந்தால் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பது மட்டும் அதற்குப் போதுமான காரணமாகாது.

மேல்முறையீட்டு மனுவில் மேற்கோள் காட்ட உங்களுக்கு ஓர் ஆவணம் உண்டு. அமெரிக்க நர்ஸிங் கல்விக்கான தேசியக் கூட்டமைப்பான என்.எல்.என். 2012-இல் நியாயமான தேர்வு முறைகள் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரே ஒரு தரப்படுத்தப்பட்ட தேர்வின் மதிப்பெண்ணை வைத்து மாணவர் பட்டம் பெறுவதை முடிவு செய்யக்கூடாது, பல வகைச் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அது கல்லூரியைக் கட்டுப்படுத்தும் சட்டமாகாது. ஆனால் நர்ஸிங் துறையின் மதிப்புமிக்க அமைப்பு சொல்வதை ஒரு நர்ஸிங் துறைத் தலைவர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மருத்துவமனைப் பயிற்சி மதிப்பீடுகள், பாட கிரேடுகள், இரண்டு ஹெசி அறிக்கைகள் எல்லாவற்றையும் இணைத்து, கோபமில்லாத மொழியில் எழுதுங்கள்.

கல்லூரி ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பதையும் நீங்கள் புரிந்துகொண்டால் பேசுவது எளிதாகும். முதல் முறை எழுதுபவர்களின் தேர்ச்சி விகிதத்தை, உரிமம் வழங்கும் மாநில நர்ஸிங் வாரியங்களும் அங்கீகார அமைப்புகளும் உற்றுப் பார்க்கின்றன. 80 சதவீதம் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவுகோல். அதற்குக் கீழே போனால் கல்லூரியின் அங்கீகாரத்துக்கே கேள்வி வரும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தில் போடப்படும் கட்-ஆஃபில் ஒரு மறைவான பிழை இருக்கிறது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களை உரிமத் தேர்வு எழுதவே விடாதபோது, அவர்கள் எழுதியிருந்தால் தேறியிருப்பார்களா என்பது ஒருபோதும் தெரியவராது. எழுதுபவர்கள் எல்லாரும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களாகவே இருப்பதால் கல்லூரியின் தேர்ச்சி விகிதம் தானாக உயரும். "பார்த்தீர்களா, எங்கள் கட்-ஆஃப் வேலை செய்கிறது" என்று அதையே சான்றாகக் காட்டுவார்கள். நிறுத்திவைக்கப்பட்டவர்களின் ஓராண்டு வாழ்க்கை அந்தக் கணக்கில் எங்கும் வராது.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் இத்தகைய முடிவுகளை எடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். கட்-ஆஃபுக்கு மிக அருகில் நின்ற ஒரு மாணவியை ஒரு செமஸ்டர் நிறுத்திவைக்கும் தாளில் கையெழுத்துப் போட்டேன். நோயாளிகளின் பக்கத்தில் அவள் எவ்வளவு கவனமாக இருப்பாள் என்பதை என் கண்ணால் பார்த்திருந்தேன், இருந்தும் எண்ணை நம்பினேன். அந்தச் செமஸ்டர் கட்டணத்தை அவளால் கட்ட முடியவில்லை. படிப்பை விட்டுப் போய்விட்டாள். அவள் தேறியிருப்பாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியையே நாங்கள் அடைத்துவிட்டோம். உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அவளும் ஒரு காரணம்.

இனி இந்த ஆறு வாரங்கள்

மேல்முறையீடு ஒரு பக்கம் நடக்கட்டும். தயாரிப்பு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு ஹெசி அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடவாரி மதிப்பெண்களில் ஒவ்வொரு பிரிவுக்கும் சில கேள்விகளே இருக்கும் என்பதால், ஒருமுறை மட்டும் குறைந்த பிரிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு முறையும் குறைந்த பிரிவுகள் எவை? அவைதான் உங்கள் உண்மையான பலவீனம். பேத்தோஃபிசியாலஜியை நீங்கள் திரும்பப் படிக்க நேர்ந்ததை வைத்துப் பார்த்தால், இதய நோய், சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அங்கே இருக்கும் என்று ஊகிக்கிறேன். தேர்ச்சியைக் கணிக்கும் ஆய்வுகளில் அறிவியல் பாட கிரேடுகள் திரும்பத் திரும்ப முன்னுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. மருந்து, பரிசோதனை முடிவு, அவசர நிலை என எதைக் கேட்டாலும் அடியில் இருப்பது உடலியங்கியல்தான். அதை மனப்பாடமாக வைத்திருப்பவர் கேள்வி சற்று மாறினால் திணறுகிறார், காரணத்தோடு புரிந்துகொண்டவர் சமாளிக்கிறார்.

அதைவிட முக்கியமாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வாக்கியத்தில் பாதி விடை இருக்கிறது: "கேள்வியை மனதுக்குள் தமிழில் மொழிபெயர்த்துவிட்டுத்தான் விடையைத் தேடுகிறேன்." மொழிபெயர்ப்பதில் தவறில்லை, எதை மொழிபெயர்ப்பில் தவறவிடுகிறீர்கள் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. டிஜாக்ஸின் மாத்திரை உட்கொள்ளும் நோயாளிக்கு நர்ஸ் விளக்கம் அளித்திருக்கிறார், "நோயாளிக்கு மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டும் கூற்று எது?" என்று கேள்வி. நாடித்துடிப்பை எண்ணிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்கிறேன், கண்பார்வை மஞ்சளாகத் தெரிந்தால் மருத்துவரை அழைப்பேன், ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போட்டுக்கொள்வேன் என்று கூற்றுகள். விளக்கம் தேவை என்றால் நோயாளி தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். ஆகவே தவறான கூற்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் மொழிபெயர்ப்பவர்கள் கேள்வியின் தலையைப் பிடித்துக்கொண்டு, வாலை விட்டுவிட்டு, முதலில் கண்ணில் படும் சரியான கூற்றைத் தேர்வு செய்துவிடுகிறார்கள். பாடம் தெரிந்தும் போகும் மதிப்பெண் இது. "முதலில்" செய்ய வேண்டியது எது, "உடனடியாகத் தெரிவிக்க வேண்டியது" எது, "எதிர்பார்க்கக்கூடியது" எது என்று கேட்கும் சொற்களும் இதே வகை.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பயிற்சிக் கேள்விகளில் தவறும் ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தேனா, இரண்டு விடைகளுக்கு இடையில் தடுமாறினேனா, சரியானதை எழுதிவிட்டுப் பயத்தில் மாற்றினேனா? இரண்டு வாரங்களில் எந்தக் காரணம் அதிகம் என்று தெரிந்துவிடும். பாடம் தெரியாததற்கு மருந்து பாடம். தவறாகப் படிப்பதற்கு மருந்து, கேள்வி கேட்பது என்ன என்பதை விடைகளைப் பார்க்கும் முன் ஒரே வரியில் சொல்லிப் பழகுவது. ஐந்து மணி நேரத்தை 150-ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் வருகிறது. மெதுவாகப் படிப்பவருக்கும் அது போதும், ஆனால் ஒரே கேள்வியை நான்கு முறை படிப்பவருக்குப் போதாது.

புதிய வடிவத்தில் வரும் கேஸ் ஸ்டடி கேள்விகளையும் ஒதுக்கிவைக்காதீர்கள். ஒரே நோயாளியின் விவரத்தை வைத்து ஆறு கேள்விகள் வரும்: கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எவை, அவற்றுக்குப் பொருள் என்ன, எது மிக அவசரம், என்னென்ன செய்யலாம், எதைச் செய்வது, செய்ததால் பலன் கிடைத்ததா என்ற வரிசையில். பராமரிப்பு இல்லத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒரு முதியவர் வழக்கத்துக்கு மாறாகக் குழம்பிப் பேசுகிறார் என்று முதலில் கவனித்து நர்ஸிடம் சொல்பவர் நீங்கள்தானே? அந்த வரிசையின் முதல் படியை ஆண்டுக்கணக்காகச் செய்து வருகிறீர்கள். ஒவ்வொரு பணி முடிவிலும் ஒரு நோயாளியை எடுத்து, மீதி ஐந்து படிகளையும் எழுதிப் பாருங்கள். பெயரோ அடையாளமோ எதையும் குறிக்க வேண்டாம்.

வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் குடும்ப வரவுசெலவு தெரியாமல் சொல்கிறேன் என்ற தயக்கத்தோடு. வாரத்தில் 36 மணி நேரம் இரவு விழித்துவிட்டுப் படிப்பது மூளையில் தங்காது. ஆறு வாரங்களுக்கு மட்டும் மூன்று இரவுகளை இரண்டாகக் குறைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். முடியாவிட்டால், தேர்வுக்கு முந்தைய மூன்று இரவுகளாவது வீட்டில் தூங்குங்கள். முதல் ஹெசியை இரவுப் பணி முடித்துவிட்டு நேராகப் போய் எழுதியதாக எழுதியிருக்கிறீர்கள். 806 என்ற எண்ணில் உங்கள் அறிவு எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று எந்தக் கணிப்புச் சூத்திரமும் பிரித்துச் சொல்லாது. இதையும் மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள். காரணமாகச் சொல்லுங்கள், சாக்காகத் தோன்றாதபடி ஒரே வாக்கியத்தில்.

ஓராண்டு தள்ளிப்போடுவதும், விற்கப்படும் கேள்விகளும்

தள்ளிப்போடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. பட்டம் பெற்றதற்கும் உரிமத் தேர்வு எழுதுவதற்கும் இடையே நாள் கூடக்கூடத் தேர்ச்சி விகிதம் குறைவதை, இந்தத் தேர்வை நடத்தும் என்.சி.எஸ்.பி.என். அமைப்பின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தன்னம்பிக்கை குறைந்தவர்கள்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்பதால், தாமதமே முழுக் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் படித்தது மறந்துபோகும் என்பதும், குடும்பமும் வேலையும் அந்த இடைவெளியை நிரப்பிவிடும் என்பதும் உங்களுக்கே தெரியும். பட்டம் கைக்கு வந்ததும் ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் எழுதும்படி திட்டமிடுங்கள். ஒருவேளை தவறினாலும் 45 நாட்கள் கழித்து மீண்டும் எழுதலாம். எத்தனை முறை, எத்தனை ஆண்டுகளுக்குள் என்பதை மாநில வாரியம் வகுத்திருக்கும், இப்போதே பார்த்து வையுங்கள். தவறியவர்களுக்கு எந்தப் பகுதியில் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள் என்று காட்டும் அறிக்கையும் வரும். இருந்தாலும் இரண்டாம் முறையும் அதற்குப் பிறகும் எழுதுபவர்களின் தேர்ச்சி, முதல் முறை எழுதுபவர்களைவிட மிகக் குறைவு. "எழுதித்தான் பார்ப்போமே" என்று தயாராகாமல் போய் உட்கார வேண்டாம்.

அந்தக் கேள்வித் தொகுப்பை வாங்காதீர்கள். அது போலியாக இருந்தால் பணம் போகும், உண்மையாக இருந்தால் அதைவிடப் பெரியது போகும். தேர்வுக் கேள்விகளை வெளியிடுவதும் பெறுவதும் விதிமீறல். உங்கள் முடிவு ரத்தாகலாம், வாரியம் உரிமத்தையே மறுக்கலாம். அதே நபர் "வேறு கல்லூரியின் சான்றிதழ் சீக்கிரம் வாங்கித் தருகிறேன்" என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஃபுளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்ஸிங் சான்றிதழ்கள் விற்கப்பட்ட விவகாரம் 2023 ஜனவரியில் வெளியே வந்தது. வாங்கியவர்களில் உரிமத் தேர்வில் தேறி வேலையில் சேர்ந்திருந்தவர்களும் பல மாநிலங்களில் உரிமத்தை இழந்தார்கள். உங்கள் படிப்பு உண்மையானது. அதன் அருகில் இப்படி ஒரு தாள் வரக்கூடாது. அந்த நபரின் எண்ணை இன்றே அழித்துவிடுங்கள்.

கையேட்டில் மேல்முறையீட்டுக்கான கால வரம்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். சில கல்லூரிகளில் அது மதிப்பெண் வந்த நாளிலிருந்து எண்ணப்படும், வாரங்கள் அல்ல, வேலை நாட்கள் கணக்கில். இரண்டாவது முடிவு வந்து ஒன்பது நாட்கள் ஆகிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக நாளைக் காலை துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி அந்தத் தேதியை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பாடவாரி அறிக்கைகள் கைக்கு வந்ததும், பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் பிரிவிலிருந்து தொடங்குவது என்று சேர்ந்து பார்ப்போம்.